ஏழாம் நம்பருக்கு நாப்பத்தெட்டு மார்க்

அந்தப் பையக் கீழ வச்சிட்டு நல்லா சாஞ்சு உக்காரும்மா, நாகர்கோவில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நான் திருவனந்தபுரம் வரைக்கும். ஆஸ்பத்திரிக்கான்னு கேக்காத, எனக்கு ஒரு நோயும் கிடையாது. மேட்ச் பாக்கப் போறேன். ஃபுட்பால். பொம்பளப் பிள்ளையள் ஆடுத ஃபுட்பால். என்ன அப்படிப் பாக்க? லீவு போட்டுட்டு, இட்லி கட்டிக்கிட்டு, அம்பத்தாறு வயசுல ஒருத்தி மேட்ச் பாக்கப் போகக்கூடாதா?

நான் காலேஜ்ல பி.டி. மேடம். ஃபிசிக்கல் டைரக்ட்ரஸ்னு ரூம் வாசல்ல போர்டு இருக்கு, ஆனா பி.டி. மேடம்னு சொன்னாத்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். செல்வகனின்னு பேரு ஒண்ணு வச்சாங்க, அது சர்வீஸ் புக்குல கெடக்கு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அதுல பதினாலு வருஷம் யூனிவர்சிட்டி செலக்‌ஷன் கமிட்டி. அப்படின்னா என்னன்னு உனக்குத் தெரியாது, முழிக்கிற முழியிலயே தெரியுது. சொல்லுதேன்.

வருஷா வருஷம் எங்க யூனிவர்சிட்டியில இருக்க காலேஜ் டீம் எல்லாம் ஒரு எடத்துல கூடி மூணு நாளு ஆடும். மைதானத்து ஓரத்துல ஒரு சாமியானா போட்டு நாங்க மூணு பேரு உக்காந்திருப்போம். அந்த சீசன்ல யாரு நல்லா ஆடுதான்னு பாத்து, இருக்கிறதுலயே நல்ல பதினெட்டுப் பேரை எடுப்போம். அந்தப் பதினெட்டும்தான் யூனிவர்சிட்டி டீம். அவளுவ வெளியூரு போயி மத்த யூனிவர்சிட்டியோட ஆடுவாளுவ. ஆடிட்டு வந்தா ஒரு சர்ட்டிபிகேட்டு. அந்தத் தாள் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீசுக்குப் போடலாம், ரயில்வேக்குப் போடலாம். மத்தப் பிள்ளையளுக்கு டிகிரி எப்படியோ, மைதானத்துல கெடந்து வேகுத பிள்ளையளுக்கு அந்தத் தாள் அப்படி.

இப்ப பாரு, அவ்வளவு பெரிய சங்கதிய எங்க மூணு பேரு கையில குடுத்திருக்கு. கன்வீனர் தவசிமுத்து சார் ஒருத்தரு. எதுக்கெடுத்தாலும் ரூல் புக்கைத் தூக்கிட்டு வருவாரு. ஆக்னஸ் மேடம் ஒருத்தி. நல்ல மனுசி, ஆனா மூணு நாளும் மக கல்யாணத்துக்கு யாரு யாருக்கு அழைப்பு வைக்கணும்னு போன்லயே இருந்தா. மிச்சம் யாரு? நான்தான். சும்மா பெருமைக்குச் சொல்லல, பதினாலு வருஷத்துல ஒரு ஆளைக்கூட நான் தப்பா எடுத்ததில்ல.

எப்படின்னு கேளு. நான் பேரு கேக்க மாட்டேன். அதான் என் ரகசியம். பேரு கேட்டா ஊரு தெரிஞ்சிரும். ஊரு தெரிஞ்சா சாதி தெரிஞ்சிரும். சாதி தெரிஞ்சிட்டுன்னா சாயங்காலத்துக்குள்ள நம்ம வீட்டு வாசல்ல ஒரு மாமா நிப்பாரு, ஆப்பிள் பையோட. அதனால நான் நம்பரைத்தான் எழுதுவேன். எந்த காலேஜ், என்ன நம்பர், எத்தனை மார்க். அவ்வளவுதான். மொகத்தையும் பாக்க மாட்டேன். அழகா இருந்தா மனசு எளகும், அழுமூஞ்சியா இருந்தாலும் எளகும். முழங்காலுக்குக் கீழ மட்டும்தான் பாப்பேன். பந்தை மொகமா ஒதைக்குது? காலுதான ஒதைக்குது. இதை நான் மீட்டிங்லயே சொல்லியிருக்கேன், எல்லாரும் கை தட்டுனாங்க.

இந்த வருஷம் எட்டு டீம் வந்துச்சு. அதுல ஒரு டீமு கோவில்பட்டிக்கு வடக்க கரிசக்காட்டுக்குள்ள இருந்து. காலேஜ் பேரு வேண்டாம், நல்ல காலேஜ்தான், புதுசு, இந்த வருஷம்தான் மொத தடவை வாராங்க. பதிமூணு பேரு வந்திருந்தாளுவ. ஒரு வேன்ல வந்து எறங்கி, வேனுக்குள்ளயே ட்ரெஸ் மாத்திட்டு, நேரா மைதானத்துல வந்து நின்னாளுவ. நான் வழக்கம்போலக் குனிஞ்சு காலைப் பாத்தேன். பாத்தா ஒரு சோடி ஆரஞ்சு பூட்ஸ். மத்ததெல்லாம் கறுப்பு, ஒண்ணு ரெண்டு கிழிசல். நடுவுல இது மட்டும் ஆரஞ்சுப்பழம் மாதிரி. நிமிந்து நம்பரைப் பாத்தேன். ஏழு. எழுதிக்கிட்டேன்.

விசில் அடிச்சதுதான் தெரியும். ஏம்மா, அது ஓட்டமா அது? வலது பக்கக் கோட்டுல அந்த ஆரஞ்சு பூட்ஸ் போகுது, பின்னால நாலு பேரு போறாளுவ, இவ திரும்பி வாரா, அவளுவ இன்னும் போயிட்டே இருக்காளுவ. வலது காலால ஒரு அடி, கோல் போஸ்ட்டு ஆடிப்போச்சு. அடுத்தவளுக்குப் பந்தைக் குடுக்கவே மாட்டா, அது ஒண்ணுதான் குறை. நான் ஆக்னஸ் மேடம் தொடையில அடிச்சு, ஏ பாருங்க பாருங்கன்னேன். அவ போனை மூடிக்கிட்டு, ஆமா மேடம், நல்லாருக்குன்னா. எதைப் பாத்துச் சொன்னாளோ.

முப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிட்டு. இடைவேளை. அந்த காலேஜ் கேன்டீன்ல உளுந்த வடை போடுவான் பாரு, அதுக்காகவே நான் கமிட்டிக்கு வருவேன்னு ஒரு பேச்சு இருக்கு, அதுல பாதி உண்மை. வடையத் தின்னு டீயக் குடிச்சு நாங்க திரும்பி வரதுக்குள்ள ரெண்டாம் பாதி தொடங்கி அஞ்சு நிமிஷம் ஓடிட்டு. வடை கொதிக்கக் கொதிக்க இருந்துச்சு, மெதுவாத்தான திங்க முடியும்?

உக்காந்து பாக்கேன், ஏழாம் நம்பரு நிக்கா. ஓடவே இல்ல. நடு மைதானத்துல நின்ன எடத்துலயே நிக்கா. பந்து வருது, இடது காலால ஒரு தட்டு. எங்கயோ முப்பதடி தள்ளி ஓடுத பிள்ளையோட காலுக்கு நேராப் போய் விழுது. மறுபடி வருது, மறுபடி ஒரு தட்டு. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. மொத பாதி வலது காலு, ரெண்டாம் பாதி இடது காலு. மொத பாதியில எதிராளிய ஓட விட்டுக் களைக்க வைக்கா, ரெண்டாம் பாதியில நின்னு நிதானமா அறுக்கா. பத்தொம்பது இருபது வயசுல இவ்வளவு புத்தியா? நான் ஷீட்ல எழுதினேன், இன்னும் ஞாபகம் இருக்கு: 'முதல் பாதி வேகம், இரண்டாம் பாதி விவேகம். இரு கால்களும் சமம்.' ஓட்டத்துக்குப் பத்து, ஷாட்டுக்குப் பத்து, பாஸுக்குப் பத்து, ஆட்ட அறிவுக்குப் பத்து, பந்து கட்டுப்பாட்டுக்கு எட்டு. அம்பதுக்கு நாப்பத்தெட்டு. அம்பதும் குடுத்துருவேன், தலைக்கனம் வந்துருமேன்னு ரெண்டைப் பிடிச்சு வச்சேன்.

மூணு நாளும் அப்படியே. மூணு மேட்ச், மூணு தடவையும் மொத பாதி ஓட்டம், ரெண்டாம் பாதி நிப்பு. நான் தவசிமுத்து சார்கிட்ட சண்டை போட்டேன். இந்த சீசனோட பெஸ்ட் ப்ளேயர் இவதான், பதினெட்டுல இவ இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு. அவரு சொன்னாரு, மேடம், பதினேழு முடிஞ்சு போச்சு, கடைசி எடம்தான் இருக்குன்னு. அந்த எடத்துல ஏழைப் போடுங்கன்னேன். போட்டாரு. அந்தப் பதினேழுல மூணு கோல் கீப்பரு, அதுல ஒருத்தி அவரு காலேஜ். நான் ஒண்ணும் கேக்கல.

பரிசளிப்பு வந்துச்சு. நான் மைக்கைப் பிடிச்சேன். எனக்கு மைக்கு கெடைச்சா லேசுல விட மாட்டேன், அது வேற விஷயம். நான் இத்தனை வருஷ சர்வீஸ்ல பாக்காத ஒரு ப்ளேயரை இந்த வருஷம் பாத்தேன், ஒரே ஆளுக்குள்ள ரெண்டு ஆளு இருக்கு அப்படின்னேன். ஆமாம்மா, அதே வார்த்தைதான் சொன்னேன். அப்புறம் காலேஜ் பேரைச் சொல்லி, ஏழாம் நம்பர், மேடைக்கு வான்னேன்.

ரெண்டு பேரு எந்திச்சாளுவ.

ஒருத்தி ஏழாம் நம்பர் ஜெர்சி போட்டு ஆரஞ்சு பூட்ஸோட. நெட்டையா, செவப்பா, பனங்காய் மாதிரி கொண்டை. இன்னொருத்தி சாயம் போன மஞ்ச டி-ஷர்ட்டு, ரப்பர் செருப்பு, கறுத்த குட்டைப் பிள்ள, காதளவு முடி. ரெண்டும் மூச்சு வாங்க ஓடி வந்து மேடையில ஏறிட்டு. பெஸ்ட் ப்ளேயர் கோப்பைக்கு ரெண்டு பக்கமும் பிடி இருக்கும்லா, ஆளுக்கு ஒரு பிடியப் பிடிச்சிட்டாளுவ. நான் மைக்குலயே கேட்டேன், ஏட்டி, நீ யாரு? ஃப்ரெண்டுன்னா கீழ நின்னு கை தட்டு.

"நான்தான் மேடம் ஏழு"ன்னா மஞ்ச டி-ஷர்ட்டு.

"நானும்தான் மேடம்"னா நெட்டை.

மைக்கு ஆன்ல இருக்கு. எட்டு காலேஜும் கேட்டுச்சு. சிரிச்சாங்க பாரு, சாமியானாக் கம்பு ஆடிட்டு. ஆக்னஸ் மேடம் போனைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கா.

விஷயம் என்னன்னா, அந்த காலேஜுக்கு இருக்கிறதே பதினோரு ஜெர்சி. பதிமூணு பிள்ள. யாரையாவது மாத்தணும்னா வெளிய போறவ ஜெர்சியக் கழத்தி உள்ள வாரவகிட்டக் குடுப்பா. இந்த ரெண்டு பேரும் ஒரே ஏழாம் நம்பரை மூணு வருஷமா ஆளுக்குப் பாதியா ஆடுதாளுவ. பூட்ஸும் அப்படித்தான். ரெண்டு பேரும் சேந்து வாங்கின ஒரே சோடி. குட்டைக்குக் கொஞ்சம் பெருசு, அவ ரெண்டு சாக்ஸ் போடுவா. ரெஃபரி ஷீட்ல ரெண்டு பேரு பேரும் எழுதியிருக்கு. அதை யாரு படிச்சா?

இதுல ஒண்ணு சொல்லிருதேன். எனக்குத் தெரியாமல்லாம் இல்ல. ஏதோ ஒண்ணு இருக்குன்னு மொத நாளே எனக்குப் பட்டுச்சு. வெளிய சொல்லல, அவ்வளவுதான். ஒருத்தி குட்டை ஒருத்தி நெட்டை, அது கூடவா தெரியலன்னு பசங்க கேலி பண்ணுதானுவ. முழங்காலுக்குக் கீழ என்ன குட்டை நெட்டை? நீயே சொல்லு.

சரி, அன்னைக்குச் சாயங்காலம் ரூம்ல உக்காந்தோம். தவசிமுத்து சார் ரூல் புக்கை விரிச்சிட்டாரு. ஒரு நம்பருக்கு ஒரு எடம். நீங்க மார்க் போட்டது ஏழாம் நம்பருக்கு. அது யாருன்னு நீங்களே சொல்லுங்க, இன்னொருத்தி வெளிய போகட்டும்னாரு. இல்லைன்னா ஒரு வழி இருக்கு, ரெண்டு பேருன்னு நான் கவனிக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்க மார்க் ஷீட்டு செல்லாதுன்னு ஆயிரும், பதினெட்டுப் பேருக்கும் மறுபடி ட்ரயல்ஸ் வைக்கலாம், அதுல ரெண்டு பேருமே தனித்தனியா ஆடலாம்னாரு. சொல்லிட்டு அந்தச் சிரிப்பு சிரிச்சாரு பாரு. பதினாலு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்காரு மனுசன்.

நான் எழுதுவேனா? கவனிக்கலன்னு நான் எழுதுவேனா? முடியாது சார், ரெண்டுல ஒண்ணுன்னு நாளைக்குச் சொல்லுதேன்னு எந்திச்சு வந்துட்டேன்.

மறுநாள் அந்த ரெண்டு பிள்ளையளையும் எங்க காலேஜுக்கு வரச் சொன்னேன். அப்பத்தான் பேரே கேட்டேன். குட்டை இசக்கியம்மாள். நெட்டை கற்பகவள்ளி. ரெண்டும் கடைசி வருஷம். அடுத்த சீசன்னு ஒண்ணு ரெண்டுக்கும் கிடையாது. இசக்கி சொன்னா, மேடம், எங்க ஊருல படிப்பு முடிஞ்சா மறுமாசம் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கப் போகணும், இல்லன்னா மாப்பிள்ளை வீடு. எங்க அய்யா எதுன்னு இன்னும் முடிவு பண்ணலைன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கற்பகம் சிரிக்கல.

எனக்கு ஒரு யோசனை. ஆளுக்கு ஒரு சீட்டுத் தாளைக் கிழிச்சுக் குடுத்தேன். யாரு டீமுக்குப் போகணும்னு நீங்களே எழுதுங்கட்டின்னேன். என் மனசுக்குள்ள என்னன்னா, இவ அவ பேரை எழுதுவா, அவ இவ பேரை எழுதுவா, மூணு வருஷம் ஒரே சட்டையில ஆடுனவளுவல்லா. நான் கர்ச்சீப்பை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். அழுகை வந்தா தொடைக்கணுமே. சீட்டைப் பிரிச்சேன். ஒண்ணுல இசக்கியம்மாள். இன்னொண்ணுல கற்பகவள்ளி. சரி, எது யாரு எழுதினதுன்னு கேட்டேன். அவளுவ ஆளுக்கு அவளுவ பேரைத்தான் எழுதியிருக்காளுவ. இசக்கி அடியில கோடு வேற போட்டிருக்கா.

கர்ச்சீப்பை மறுபடி பைக்குள்ள வச்சேன்.

"அவ என்னைய விட நல்லா ஆடுவா மேடம், ஆனா எனக்கு வேணும்"னா இசக்கி.

"எனக்கும் வேணும்"னா கற்பகம். அப்புறம் தரையப் பாத்துக்கிட்டே சொன்னா, "நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு மேட்சுகூட முழுசா ஆடுனதில்ல மேடம். அவ கடைசி பாதி ஆடுனதில்ல, நான் மொத பாதி ஆடுனதில்ல."

கர்ச்சீப்பைத் திரும்பவும் வெளிய எடுத்துட்டேன். நான் லேசுல கலங்குத ஆளு கிடையாது. எங்க வீட்டுக்காரரு ரெண்டாம் அட்டாக் வந்து ஐ.சி.யூ.வுல கெடந்தப்பவே நான் வெளிய உக்காந்து டோர்னமென்ட்ல யாரோட யாரு ஆடணும்னு ஃபிக்ஸ்சர் போட்டவ. ஆனா இது வேற. இசக்கி ஏன் அந்த ஓட்டம் ஓடுதான்னு அப்பத்தான் வெளங்குச்சு. முப்பத்தஞ்சு நிமிஷம்தான் அவளுக்கு. அடுத்தவளுக்குப் பந்தைக் குடுத்தா திரும்பி வருமோ வராதோ. கற்பகம் ஏன் அப்படி நின்னு நிதானமா ஆடுதான்னா, மொத பாதி பூரா வெளிய உக்காந்து யாரு எங்க ஓடுதான்னு மனப்பாடம் பண்ணியிருக்கா.

ரூமுக்குள்ள போனேன், ஒரு வெள்ளத் தாளை எடுத்தேன், எழுதினேன். 'ஏழாம் எண் வீராங்கனை ஒருவர் அல்லர், இருவர் என்பதை மூன்று நாட்களும் நான் கவனிக்கவில்லை.' கீழ கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்பு. என் சர்வீஸ்லயே நான் போட்ட ஒரே பொய்க் கையெழுத்து அதுதான். அந்தப் பிள்ளையளுக்காகப் போட்டேன். உங்கிட்டச் சொல்லுதேன், வேற யாருகிட்டயும் சொல்லல.

நாலு நாள் கழிச்சு ட்ரயல்ஸ். யூனிவர்சிட்டி கிரவுண்டு, காலையில ஏழு மணி. இருந்தவளுவளை ரெண்டா பிரிச்சு ஆட விட்டோம். இசக்கி ஒரு பக்கம், கற்பகம் எதிர்ப் பக்கம். ஜெர்சியும் ஆரஞ்சு பூட்ஸும் இசக்கிக்கு, டாஸ் போட்டு ஜெயிச்சுக்கிட்டா. கற்பகத்துக்கு எங்க காலேஜ் பூட்ஸை நான் கொண்டு போனேன். தவசிமுத்து சார் இந்தத் தடவை எனக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டாரு. மேடம், ரெண்டு பேரும் தெரியுதாளுவளான்னு கேட்டாரு. தெரியுதாளுவ சார், நீங்கதான் மறைக்கியன்னேன்.

மொத பாதியில இசக்கி வழக்கம்போல ஓட்டமா ஓடுதா. கற்பகத்துக்கு மொத பாதின்னா என்னன்னே தெரியல, கலியாண வீட்டுக்குச் சீக்கிரம் வந்துட்ட ஆளு மாதிரி எங்கன நிக்கன்னு தெரியாம நிக்கா. இடைவேளை விசில் அடிச்சுட்டு.

அடிச்சதும் இசக்கி என்ன செஞ்சா தெரியுமா? நடுக்கோட்டுக்கு வந்தா. ஏழாம் நம்பர் ஜெர்சியக் கழத்துனா, உள்ள அந்த மஞ்ச டி-ஷர்ட்டு. ஜெர்சிய ரெண்டா மடிச்சு கக்கத்துல வச்சுக்கிட்டு, தரையில உக்காந்து பூட்ஸ் கயித்தை அவுக்கா. அந்தப் பக்கத்துல இருந்து கற்பகம் வாரா, கையை நீட்டிக்கிட்டு. ரெண்டு பேருக்கும் நெனப்பே இல்ல. மூணு வருஷப் பழக்கம். இவ பூட்ஸைத் தூக்கிக் குடுக்கா, அவ வாங்குதா, அப்பத்தான் அவ தன் காலைக் குனிஞ்சு பாத்தா. அவ காலுல வேற பூட்ஸு கெடக்கு.

ரெண்டு பேரும் அப்படியே ஒருத்தியை ஒருத்தி பாத்துக்கிட்டு இருந்தாளுவ. கிரவுண்டே சிரிச்சுது. ஆக்னஸ் மேடம் மட்டும் சிரிக்கல, அவ போனைப் பையில போட்டுட்டா. அப்புறம் கற்பகம்தான் பூட்ஸைத் திரும்ப இசக்கி காலுல மாட்டி, கயித்தை இழுத்துக் கட்டி விட்டா. "ஏட்டி, நீதான் இன்னும் ஆடணும்"னா. இசக்கி எந்திச்சு ஜெர்சியைப் போட்டா, அதைத் திருப்பிப் போட்டுட்டா, ஏழு முன்னால வந்துட்டு. யாரும் சொல்லல.

ரெண்டாம் பாதி இருக்கே, அதை நீ பாத்திருக்கணும். இசக்கிக்கு அம்பதாவது நிமிஷத்துல மூச்சு போயிட்டு. முழங்கால்ல கையை ஊனிக்கிட்டு நிக்கா. ஓட முடியல. ஓட முடியாதவ என்ன செய்வா? பந்து வந்துச்சு, பக்கத்துல நின்னவளுக்குத் தட்டி விட்டா. பந்து திரும்பி வந்துட்டு. அவளுக்கே ஆச்சரியம். பந்தைக் குடுத்தா திரும்பி வருமான்னு அன்னைக்குத்தான் கண்டுபிடிச்சா. மறுபடி தட்டுதா, மறுபடி வருது. சின்னப் பிள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டே தட்டுதா. அந்தப் பக்கம் கற்பகம், நிக்கதைத் தவிர ஒண்ணும் தெரியாத பிள்ள, அறுபத்தஞ்சாவது நிமிஷத்துல பந்தை எடுத்துக்கிட்டு ஓடுதா. அவ ஓட்டம் ஒண்ணும் அழகு கிடையாது, நெட்டைக் காலு ஆளுக்கு ஒரு திசையா போகுது. கோலுக்கு முன்னால விழுந்தா, விழுந்த வாக்குலயே இடது காலால தட்டுனா, உள்ள போயிட்டு. நான் எந்திச்சுக் குதிச்சேன். ஒரு செலக்டர் குதிக்கக் கூடாது, ரூல் இருக்கு. குதிச்சுட்டேன். நாற்காலி மடங்கி தவசிமுத்து சார் கால்ல விழுந்துட்டு.

இசக்கிக்கு நாப்பத்தொண்ணு. கற்பகத்துக்கு நாப்பது. மூணு பேரு போட்ட மார்க்கோட சராசரி, நான் மட்டும் போட்ட மார்க் இல்ல. ரெண்டு பேரும் பதினெட்டுக்குள்ள. எடம் வேணும்னு மூணாவது கோல் கீப்பரை லிஸ்ட்டுல இருந்து நீக்கிட்டாங்க. அந்தப் பிள்ள வேலி ஓரமா உக்காந்து அழுதுச்சுன்னு சொன்னாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பல. திரும்புனா லிஸ்ட்டு எழுத முடியாதும்மா.

அடுத்த வருஷக் கமிட்டியில இப்பவே என் பேரு கிடையாது. நான் எழுதிக் குடுத்த தாளையே காட்டி எடுத்துட்டாங்க. கவனக்குறைவாம். போகட்டும். இன்னைக்கு மூணு மணிக்கு திருவனந்தபுரத்துல மொத மேட்ச். ரெண்டு பேரும் ஆடுதாளுவ, ஆளுக்கு ஒரு ஜெர்சி, யூனிவர்சிட்டி புது பூட்ஸ். போன் பண்ணி வாங்க மேடம்னாளுவ. வராம இருப்பனா? இந்தா, ஒரு இட்லி எடுத்துக்கோ. பொடி காரமா இருக்கும், பாத்துச் சாப்பிடு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு ட்ரயல்ஸ் முடிஞ்சு லிஸ்ட்டு வாசிச்சதும் ரெண்டும் ஓடி வந்துச்சு. இசக்கி என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா, "மேடம், நெசமாவே உங்களுக்குத் தெரியாதா, நாங்க ரெண்டு பேருன்னு?"

தவசிமுத்து சார் பக்கத்துல நிக்காரு, என் லெட்டரு அவரு ஃபைல்ல இருக்கு. தெரியும்னு சொன்னா லிஸ்ட்டு போயிரும். "தெரியாதுட்டி"ன்னேன்.

"சுத்தமாவா?"

"சுத்தமா."

அவ கற்பகத்தைப் பாத்துச் சிரிச்சா. "நல்லவேளை மேடம். தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரையுமே எடுத்திருக்க மாட்டீங்க"ன்னா.

ஏட்டி, போய்த் தண்ணியக் குடின்னு விரட்டி விட்டேன். பிள்ள சும்மா விளையாட்டுக்குத்தான் சொல்லுச்சு. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கப் போட்டுட்டு, அந்தப் பழைய மார்க் ஷீட்டை எடுத்தேன். சும்மாதான் எடுத்தேன். ரெண்டு பேரையும் தனித்தனியாப் பிரிச்சு மார்க் போட்டுப் பாத்தேன். மொத பாதிக்காரி, ஓட்டம் பத்து, ஷாட்டு பத்து, பாஸு ஒண்ணு, ஆட்ட அறிவு ஒண்ணு, கட்டுப்பாடு நாலு. ரெண்டாம் பாதிக்காரி, ஓட்டம் ஒண்ணு, ஷாட்டு ரெண்டு, பாஸு பத்து, அறிவு பத்து, கட்டுப்பாடு நாலு. ஒருத்திக்கு இருபத்தாறு. இன்னொருத்திக்கு இருபத்தேழு. முப்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தா நான் செவப்பு மையில ஒரு கோடு போட்டுட்டு அடுத்த நம்பருக்குப் போயிருவேன். ரெண்டாம் தடவை பாக்க மாட்டேன்மா. பதினாலு வருஷமா பாத்ததில்ல.